இன்னும் உலராத மஞ்சள்

பிட்ஸ்பர்கில் ஓர் அருங்காட்சியகத்தின் நிலவறை.
ஜன்னல் கிடையாது. பதினேழு விளக்குகள்.
பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து
எட்னா ஹ்ராபக்கின் ஓவியத்தைத் துடைக்கிறேன்.

எச்சில்தான்.
அலமாரி நிறையத் திரவங்கள் இருந்தும்
எழுபது வருடத்துப் புகையைக் கரைக்க
வாய்நீருக்கு ஈடில்லை.
ஒரு நாளைக்கு ஓர் உள்ளங்கை அகலம்.
கித்தானோ பதினோரு அடி.
கணக்குப் போடாதே என்றாள் மேலாளர் வின்னிஃப்ரெட்.
போட்டுவிட்டேன். அடுத்த மார்ச்.

நெப்ராஸ்காவில் பிறந்தவள்.
தானியக் கிடங்குகளுக்குச் சிவப்பு அடித்தவர் அப்பா.
ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்தவளின் முகத்தில்
சொட்டியதையெல்லாம்
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார்களாம்.
அந்த எரிச்சலைப் பற்றி ஒரு கடிதம் இருக்கிறது.
அவரைப் பற்றி எதுவும் இல்லை.

பிறகு நியூயார்க்.
மீன் பெட்டிகள் அடுக்கும் கிடங்கின் மேல்மாடி.
பகலில் காலுறைக் கடை.
இரவில் கித்தானைத் தரையில் விரித்து
செருப்பைக் கழற்றிவிட்டு
சுவருக்கு அடிக்கும் மலிவு எனாமல்,
கறுப்பு, கேலன் கேலனாக.
ஓவியர்கள் கூடும் மதுக்கடையில்
ஆண்கள் மேசையைக் குத்திப் பேசினார்கள்
வெளியைப் பற்றி, விதியைப் பற்றி.
இவள் பாதியில் எழுந்து வந்துவிடுவாள்.
எட்டு மணிக்குக் கடை திறக்கவேண்டும்.

கையெழுத்தில்
பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டாள்.
ஐம்பத்து மூன்றில் ஒரு விமர்சகர் எழுதினார்:
"இந்த மனிதனின் புஜத்துக்குள் ஓர் எருது இருக்கிறது."
அதைக் கத்தரித்து
குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தாள்,
வெண்ணெய்க்குப் பக்கத்தில்.
கெட்டுப்போய்விடக் கூடாதே என்றாளாம்.

அந்த வருடம் விற்றது ஒன்றே ஒன்று.
இது.
படிக்கட்டில் திரும்பவில்லை.
மீன் கிடங்கு ஆட்கள் ஆறு பேர்
கயிறு கட்டி ஜன்னல் வழியே இறக்க
காற்று பிடித்துக்கொண்டது.
தெருவே நின்று பார்த்தது
ஒரு கறுப்பு, கீழே வர மறுப்பதை.
கீழோரத்தில் இன்னும் இரண்டு செதில்கள்.
நான் எடுக்கவில்லை.
அறிக்கையில் 'அசல் பொருள்' என்று குறித்துவிட்டேன்.

வாங்கியது ஒரு வங்கி.
நாற்பது வருடம் இதன் எதிரே
வரிசையில் நின்றார்கள், சிகரெட் பிடித்தார்கள்,
கடன் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்.
எல்லோரும் ஒரே பழுப்பாக
என் பஞ்சில் வருகிறார்கள்.

அறுபத்தெட்டுக்குப் பின் அவள் வரைந்ததாகத் தடயமில்லை.
மேய்ன் கடற்கரையில்
படகுகளுக்கு வண்ணம் அடித்த கூலிக்கு
ஒரு ரசீது மட்டும்.
அதில் பெயர் முழுதாக இருக்கிறது.

இன்று பிற்பகல், வலது மூலையில்
பஞ்சு லேசாக அமிழ்ந்தது.
கறுப்பில் நகக்கீறல் அளவு வெடிப்பு.
உள்ளே
மஞ்சள்.
மேல்தோல் முந்திக்கொண்டு காய்ந்து மூடிவிட
எழுபது வருடமாக
அடியில் ஈரமாகவே கிடந்திருக்கிறது.
ஆளிவிதை எண்ணெய் மணம்,
நேற்றுத் திறந்த டப்பாவைப் போல.

ஒட்டவேண்டும். ஊசிமுனையளவு பசை, மெல்லிய தாள்.
அதற்குத்தான் சம்பளம்.
வின்னிஃப்ரெட் மாடியில் காபி குடிக்கிறாள்.
கையுறையைக் கழற்றினேன்.

விரல் நுனியில் மஞ்சள்.
துடைக்கலாமென்று
புதுப் பஞ்சை எடுத்து நாக்கில் வைத்தால்
வாயில் ஈரமில்லை.