ஓரகத்தி

வந்த அன்றைக்கே மாமியாரைப் பார்த்து
'போ' என்றாள்.
ஆரத்தித் தட்டு இன்னும் என் கையில்.
குவைத்திலிருந்து கொழுந்தன் கூட்டி வந்தவள்
கிழவியின் புறங்கையை இழுத்துத்
தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு
'மானோ போ' என்றாள் மறுபடி.
மாமியார் விருட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.
பொன்னம்மாபேட்டை கேட்டு வரைக்கும்
அந்தப் பேச்சு சாயந்தரமே போய்ச் சேர்ந்தது.

பிலிப்பைன்ஸில் போ என்றால் மரியாதையாம்,
நம்ம 'ங்க' மாதிரி.
கொழுந்தன் விளக்கப் பத்து நாள்.
நான் நம்ப ஆறு மாதம்.

பாஸ்போர்ட்டில் ரொவேனா.
பால்காரர் நோட்டில் ரோகிணி.

குச்சிக்கிழங்கைச் சந்தையில் முதலில் பார்த்தபோது
மூட்டை மேல் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.
துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி,
வாழையிலையில் வேகவைத்துத்
தெருவுக்கே கொடுத்தாள்.
ஜவ்வரிசி மில்லில் இருபது வருசம் மாவு சலித்த
பாப்பாத்தியக்கா விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்:
"காய வெச்சுக் காய வெச்சு
வடக்கே லாரி ஏத்தினோம்,
இப்படித் தின்னு பாக்கலையே."

ஒடித்து நட்ட இடத்தில் வேர்விடும் கிழங்குக் குச்சி,
நீயும் அப்படித்தான் என்றேன் ஒருநாள்.
அவளுக்குப் பிடிக்கவில்லை.
"குச்சி யாருக்கும் பணம் அனுப்பாது அக்கா."

ஒன்றாம் தேதி அனுப்புவாள்.
ஃபேர்லேண்ட்ஸ் பங்களாக்களில்
படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிக் குளிப்பாட்டிய காசு.
தம்பி மகளின் நர்சிங் ஃபீஸ்,
புயல் கொண்டுபோன கூரைக்குத் தகரம்,
அம்மாவுக்கு இன்சுலின்.
மிச்சத்தில் எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர்.
அதை மட்டும் நான் வெகுநாள்
கணக்கில் சேர்க்கவில்லை.

ரயில்வே கேட் சாத்தியிருந்த ஒரு ராத்திரி,
ஆட்டோவுக்குள்ளேயே
பெட்டிக்கடை சாமியப்பன் நெஞ்சை
அழுத்திக்கொண்டே இருந்தாள்,
கூட்ஸ் வண்டி முழுசும் போய் முடிகிறவரை.
பிழைத்தவர் இன்றைக்கும்
ஒரு ரூபாய் பாக்கி விடுவதில்லை,
அவளிடம்கூட.

காகிதம் சரிபார்க்க வந்த போலீஸ்காரர்
"இந்தத் தெருவுல ஃபாரின் லேடி யாராச்சும் இருக்காங்களா?" என்றார்.
பாப்பாத்தியக்கா நன்றாக யோசித்து
"இல்லீங்க" என்றாள்.

அவள் ஊர்க் கடிகாரம்
நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி.
எங்களுக்கு விடியாத ஒரு நாளில்
அவள் அம்மா செத்துப்போனாள்.
மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டிய வாரம்,
டிக்கெட்டுக்கு வழியில்லை.
கிரைண்டர் மேல் போனைச் சாய்த்து வைத்து
சவப்பெட்டி போவதைப் பார்த்தாள்.
மாவையும் ஆட்டி முடித்தாள்.
யார் சொன்னார்களோ,
பத்து மணிக்குள் முப்பது பேர் வந்து
வாசலில் உட்கார்ந்துவிட்டோம்.
உடம்பு இல்லாத சாவில் எப்படி அழுவது?
பேர் என்ன என்று கேட்டோம்.
கொராசோன் என்றாள்.
பாப்பாத்தியக்கா அதைக் 'கோரசம்மா' ஆக்கி
ஆரம்பித்து வைத்தாள்.

பிறகு மாமியார் விழுந்தாள்.
பதினொரு மாதம்.
பெற்ற மகள் இரண்டு முறை வந்துபோனாள்.
நான் கஞ்சி காய்ச்சினேன், அவ்வளவுதான்;
புண் வராமல் பார்த்தது அவள்.

அந்தக் கடைசி வாரத்தில் ஒரு விடியலில்
கிழவி நடுங்கும் புறங்கையைத்
தானே தூக்கி
அவள் நெற்றியில் வைத்தாள்.
"போ" என்றாள்.

பக்கத்தில்தான் இருந்தேன்.
தமிழில் சொன்னாளா,
அந்தப் பேச்சில் சொன்னாளா,
எனக்குப் பிடிபடவில்லை.

ரோகிணி போகவில்லை.
மூத்திரப் பையை மாற்றி,
கையைக் கழுவிக்கொண்டு வந்து
திரும்ப உட்கார்ந்தாள்.