ஒயில் லைற்

சாவியை ஒரு திருப்புத் திருப்பினால்
சிவப்பு எரிய வேணும்.
எஞ்சின் பிடித்ததும் அணைய வேணும்.
நெடுங்கேணி நல்லைநாதனிட்ட வாங்கின டட்சனில்
அது எரியவேயில்லை.
"எரியாட்டி நல்லதுதானே" என்றாள்
சங்கக் கடையில் என்னோடு பில் எழுதுகிற கிருபைராணி.
ஒட்டுசுட்டானில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கறண்ட் இல்லை.
நாலு ஸ்குரூவையும் கழற்றிச் சிரட்டைக்குள் போட்டுவிட்டு
மீற்றர் பெட்டியை வெளியில் இழுத்தேன்.
ஒயில் கேத்தல் படம் போட்ட இடத்துக்குப் பின்னால்
பல்ப் இல்லை.
ஓட்டையை மூடி ஒரு துண்டு கறுப்பு ரேப்,
கத்தரிக்கோலால் வட்டமாக,
கவனமாக வெட்டினது.

ஓடாத மணிக்கூட்டுக்கு எதற்கு வெளிச்சம்?
அதன் பின்னாலிருந்த பல்பை எடுத்து இதில் போட்டேன்.
சாவி. எரிந்தது.
எஞ்சின். எரிந்தது.
எரிந்துகொண்டே நின்றது.

டிப் ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, இழுத்துப் பார்த்தால்
ஒயில் மேல்கோட்டில் நிற்கிறது,
ஆறிப்போன தேத்தண்ணி நிறத்தில்.
கராஜ் பேரின்பம் காரை எட்டியும் பார்க்கவில்லை,
"எஞ்சின் இறக்க வேணும்" என்று ஒரு தொகை சொன்னார்.
அந்தத் தொகைக்குப் பாதிக் கார் வரும்.

ஃபில்ரருக்குப் பக்கத்தில்
பெருவிரல் பருமனில் ஒரு சுவிட்ச்.
வயரைக் கழற்றினேன், லைற் அணைந்தது.
அணைந்ததை வைத்து ஒன்றும் சொல்லேலாது.
சுவிட்ச் பொய் சொல்லலாம்.
ஒயில் உண்மையாகவே மேலே ஏறாமலும் இருக்கலாம்.
இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

கிருபைராணி வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கூரை
மண்டையோடு கீறின சிவப்புப் பலகை.
காட்டில் மிதிவெடி எடுத்து முடிந்த பிறகு பிடுங்கினதா,
முடிய முதலே பிடுங்கினதா,
நான் கேட்டதில்லை.
அவளுக்கும் தெரியாது, தமையன் கொண்டுவந்தது.
கோழிகள் அதன் கீழே முட்டையிடுகின்றன.

அவளைத்தான் கூப்பிட்டு ட்ரைவர் சீற்றில் இருத்தினேன்.
எஞ்சின் பிடிக்காமலிருக்கக் கொயில் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு
இருபத்திநாலாம் நம்பர் ஸ்பனரில்
முழு உடம்பையும் போட்டுத் தொங்கி
சுவிட்சைக் கழற்றினேன்.
"இப்ப அடி."
எஞ்சின் வெறுமனே இருமிற்று.
இன்னொருக்கா.
வெறும் ஓட்டை என்னைப் பார்த்தது.
காரை வித்தால் எவ்வளவுக்குப் போகும் என்று
மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கியபோது
மூன்றாவது அடி.
பாய்ந்தது பாருங்கோ!
சட்டை, மதில், முருங்கையின் அடிமரம்,
என் இடக் காது.
"நிப்பாட்டு, நிப்பாட்டு!"
"ஐயோ, உடைஞ்சிட்டுதோ?" என்று இறங்கி ஓடிவந்தாள்.
"இல்லையடி, நல்லா இருக்கு."
சிரித்தேன். பல்லிலும் ஒயில்.

பழைய சுவிட்சைச் சீலைத்துண்டில் சுற்றிக்கொண்டு
திங்கள் லீவு போட்டு வவுனியாவுக்கு பஸ்.
இரண்டு கடையில் இல்லை.
மூன்றாவது கடைக்காரர் மேல்தட்டில் தூசு தட்டி எடுத்தார்.
பெட்டியில் ஒட்டியிருந்த விலையை நகத்தால் சுரண்டிவிட்டு
வேறு விலை சொன்னார்.

பின்னேரம் பூட்டினேன்.
சாவி. எரிந்தது.
எஞ்சின். ஒரு மூச்சு விடுகிற நேரம்,
பிறகு இல்லை.
திரும்ப நிப்பாட்டித் திரும்ப அடித்துப் பார்த்தேன்,
தேவையில்லாமல், ஐந்தாறு தரம்.

இரவு நல்லைநாதனுக்குப் போன் எடுத்தேன்.
"அண்ணை, அந்தப் பல்ப்?"
கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது,
அவர் பக்கமோ என் பக்கமோ தெரியாது.
"ராவில காட்டு றோட்டால தனிய வரேக்க
அந்தச் சிவப்பு என்னையே பாத்துக்கொண்டு வந்தது, பிள்ளை.
ஒயில் விட்டுப் பாத்தன், போகேல்லை.
பிறகு, பாக்கேலாமப் போச்சு."

நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
சுவிட்ச் ஆயிரத்து எண்ணூறு என்று மட்டும் சொன்னேன்.