வாசல்காரன்

ரப்பர் ஷீட் கடைக்கு மேலே எங்கள் கட்சி ஆபீஸ்.
புகை போட்ட ஷீட்டின் வாடை
எங்களுக்கு முன்பே படியேறி வந்து
உட்கார்ந்திருக்கும்.

குலசேகரத்தில் மூன்று நாளாய் மழை.
மரத்துச் சிரட்டையெல்லாம் வெறும் தண்ணீர்.
பால்வெட்டு இல்லாததால்
கூட்டத்துக்கு ஆள் வந்திருந்தது.

பதினொன்றாம் வார்டில் யார் நிற்பதென்று
இம்முறை மேலிடம் சொல்லாதாம்,
நாமே ஓட்டுப் போட்டு எடுக்கலாமாம்.
அதற்கொரு பிஸ்கட் டின்.
மூடியில் பால்கத்தியால் கீறிய வாய்.

நான் வாசலில்: ஒரு பெஞ்சு, பேரேடு, ரசீதுப் புத்தகம்.
பெயர் இருந்தால் உள்ளே.
இல்லையென்றால் படியில்.

ஞானாபரணம்தான் கிளப்பிவிட்டார்.
"கதவைத் தொறந்து போடணும்.
கட்சியில நாம நாப்பத்தஞ்சு பேரு,
வார்டுல எண்ணூறு ஓட்டு.
நமக்குப் பிடிச்ச ஆள
அவுங்களுக்கு என்னத்துக்குப் பிடிக்கணும்?"

கிருஷ்ணன்குட்டி எழுந்தார், வேட்டியெல்லாம் சேறு.
"அப்ப நாம எதுக்கு ஓய் நனைஞ்சு கொடி கட்டினோம்?
எதிராளி பத்துப் பேர அனுப்புவான்.
நம்மள்ல எவன் தோப்பானோ அவனுக்குப் போட்டுட்டு
நம்ம செலவுல கட்டன்சாயாவும் குடிச்சிட்டுப் போவான்."

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகப் பட்டது.
இந்தக் கோளாறு எனக்குப் பழையது.
அதனால்தான் வாசலில் போட்டிருக்கிறார்கள்.

அப்போது படியில் சொர்ணபாய்,
அண்டியாபீசிலிருந்து நேரே.
தோட்டெண்ணெய் கறுப்பேறிய விரல்கள்.
ஓட்டு மை வைத்தால்
எந்த விரலில் வைத்தார்களென்று
அவளுக்கே தெரியாது.

"கார்டு உண்டுமா?" என்றேன்.
"ஓட்டு கேட்டு எனக்க வீட்டுக்கு வரும்ப
கார்டு கேட்டியளா?
ஓடை பொங்கி அடுப்புக்குள்ள தண்ணி.
யாரு நிக்கணும்னு
நானும் ஒரு வார்த்தை சொல்லண்டாமா?"

அவளுக்குப் பின்னால், குடையை உதறிக்கொண்டு
பத்ரோஸ்.
எதிர்க்கட்சிக்குச் சுவரெழுதும் அதே பத்ரோஸ்.
"நானும் இந்த வார்டுதான் கேட்டியளா?"
சிரித்தான்.

ஒரே படியில் இரண்டு பேர்.
பேரேட்டில் பெயர், தகப்பன் பெயர், சந்தா
என்று கட்டங்கள் உண்டு.
இவர்களைப் பிரிக்க ஒரு கட்டம் இல்லை.

கதவைத் திறப்பதா வேண்டாமா,
முதலில் அதற்கு ஓட்டு என்றார் தலைவர்.
வெளியாள் வரலாமா என்று
உள்ளாட்கள் கை தூக்கினார்கள்.
பதினைந்து.
வேண்டாம் என்பவர்கள்?
பதினைந்து.

"வாசல்ல இருக்கப்பட்ட ஆளுக்க கை எங்க?"

பேரேட்டைப் புரட்டினேன், சும்மா,
கைக்கு ஒரு வேலை வேண்டுமே.
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில் என் பெயர்.
சந்தா கட்டி ஐந்து வருஷம்.
மூன்று வருஷம் கட்டாவிட்டால் நீக்கம் என்று
முதல் பக்கத்தில் எழுதியிருப்பது
என் கையெழுத்து.

ஊருக்கெல்லாம் ரசீது கிழித்திருக்கிறேன்.
எனக்குக் கிழிக்கவில்லை.
கட்சிக்கு வெளியே உட்கார்ந்து
கட்சிக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

சொர்ணபாய் என்னைப் பார்த்தாள்.
பத்ரோசும்தான்.

"எனக்கு ஓட்டில்லை" என்றேன்.

அதற்கப்புறம் பெரிய சத்தம்.
ஒரு நாற்காலி சாய்ந்தது.
சரிக்குச் சரி வந்தால் என்ன விதி
என்று யாருக்கும் தெரியவில்லை.
மேலிடத்துக்கே போன் போட்டார் தலைவர்.

ஒன்பது நிமிஷத்தில் வாட்ஸப்பில் வந்தது,
ஒரு பெயர், ஒரு கும்பிடு.
கல்குவாரிக்காரர்.
பேரேட்டில் தேடினேன்,
வாலாயமாய், கடைசிப் பக்கம் வரை.
இல்லை.

கீழே இறங்குகையில் சொர்ணபாய்
பத்ரோசின் குடைக்குள் பாதி நனைந்து போனாள்.
என்ன பேசினார்களோ.

மறுநாள் எனக்கு நானே ரசீது எழுதினேன்,
ஐந்து வருஷத்துக்கு ஐம்பது ரூபாய்.
மழை ஈரத்தில் கார்பன் பிடிக்கவில்லை.
அடிக்கட்டையில் தொகை மட்டும் இருக்கிறது.