பத்துக்குப் பத்து

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதும்.
கம்பளி நூல் அப்படி லேசில் பிடிகொடுக்காது.
பத்து சென்டிமீட்டர் அகலம், பத்து உயரம்
பின்னி, நனைத்து, காயவைத்து,
ஒருநாள் தொங்கவிட்டு
அப்புறம்தான் கேட்க வேண்டும்
நீ யார் என்று.

சகாவோ கால்வாயைக் கடக்கும் படகில்
லாரிக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என
வசூலித்து முடித்ததும்
என்ஜினுக்கு மேலே, சூடேறிய இரும்புப் பலகையில் உட்கார்ந்து
குரோஷா ஊசியை எடுப்பாள் ஒத்தீலியா.
கரைக்கும் கரைக்கும் நடுவே
எட்டு வரிசை.
காற்று எதிர்த்தால் பத்து.

முதல் துண்டு, நான்காம் நம்பர் ஊசி.
பத்து சென்டிமீட்டருக்குப் பத்தொன்பது தையல்.
நிறுத்தினால் நிற்கிறது, அட்டை மாதிரி.
"யார் மேல் கோபம்?" என்றான்
கயிறு கட்டும் எலியாசர்.

ஒரு அடுப்பின் மேல்.
அம்மா வீட்டு விறகடுப்பு, வார்ப்பிரும்பு,
நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும்.
யார் எடுத்துக்கொள்வது என்று தொடங்கி
இரண்டு குளிர்காலமாய்
அக்காளும் தங்கையும் பேசவில்லை.
(விலைக்கு வாங்கியவன்
அதில் பூச்செடி வைத்திருக்கிறான்.)

போன மாதம் புன்டா அரீனாஸிலிருந்து
தங்கை நோல்ஃபாவின் செய்தி:
'ஸ்வெட்டர் ஒன்று. சாம்பல் நிறம்.
கழுத்துப்பட்டை வேண்டாம்.'
நலமா என்று இல்லை.
அளவும் இல்லை.

இரண்டாம் துண்டு, ஐந்தாம் நம்பர் ஊசி.
பதினாறு தையல்.
வெந்நீரில் முக்கி எடுத்தபோது
வீடு முழுக்க நனைந்த ஆட்டின் வாசனை.
காய்ந்ததும் பதினைந்து.
முழு ஸ்வெட்டரின் பாரம் எப்படி இழுக்கும் என்று பார்க்க
நாலு துணிக்கவ்விகளைக் கீழ்வரிசையில் கடிக்கவிட்டாள்.
ஒரு விரல் கடை நீண்டது,
அதற்குமேல் இல்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

மூன்றாவது, சந்தேகத்துக்கு.
நான்காவதுக்குக் காரணமே கிடையாது;
அது இப்போது மாத்தே குவளைக்கு அடியில்.
ஐந்தாவது மடிந்து
ஆடும் மேஜைக்காலுக்குக் கீழே.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்கு:
சென்டிமீட்டருக்கு ஒன்றரை தையல்,
ஒரு பெருக்கல் குறி,
அப்புறம் வெறும் தாள்.
அங்கே நோல்ஃபாவின் மார்பளவு வரவேண்டும்.
தொண்ணூற்றிரண்டு என்று தெரியும்,
கல்யாண உடுப்புக்கு இவளே எடுத்தது.
ஆனால் அது
நனைவதற்கு முந்தைய அளவு.

பதினொன்றே முக்கால் படகு.
பாதி கட்டிய பாலத்தின் தூண்கள்
மழையில் ஆளுக்கொரு பக்கம் நின்றன.
'மார்பு?' என்று அடித்து அழித்தாள்.
'மார்பளவு எவ்வளவு என்று சொல்' என்று அடித்து
'சொல்' மட்டும் அழித்து
மறுபடி சேர்த்து
அனுப்பினாள். நடுக்கால்வாயில் சிக்னல் இல்லை.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பர்குவாவில் சரிவுப்பலகை இறங்கும் சத்தத்தோடு
பதில்:
'104. சிரிக்காதே.'

சிரித்துவிட்டாள்.
எலியாசர் திரும்பிப் பார்க்கும்படி.

மூச்சுவிட எட்டு சேர்த்தாள்.
நூற்றுப் பன்னிரண்டு.
நூற்று அறுபத்தெட்டு சங்கிலி.
ஒன்று, இரண்டு என்று போய்
தொண்ணூறு வாக்கில்
ஆட்டு லாரிக்காரன் சில்லறை கேட்டான்,
எண்ணிக்கை போயிற்று.
உருவினாள்.
ஒன்று.