பாக்கி

அழகாபுரத்தில் இன்று ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை,
பராமரிப்புப் பணி என்று குறுஞ்செய்தி.
எனக்கும் அதே பணிதான்.
நூற்றுப் பன்னிரண்டு வரி, ஒரே வேலை:
இங்கிருக்கும் கோப்பை அங்கே கொண்டுசேர்ப்பது.
அச்செடுத்து நான்காக மடித்து
ஏற்காடு பஸ் ஏறிவிட்டேன்.
மேலே காபி எஸ்டேட் ஆபீசில்
ரெஜினாவிடம் ஜெனரேட்டர் இருக்கிறது.

புகார் சின்னது.
யாரோ வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து சேமித்திருக்கிறார்.
அளவு சரி, பெயர் சரி, தேதி சரி.
திறந்தால் கீழ்ப்பாதி சாம்பல்.
கையெழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில்
வரிசையாகப் பூஜ்யங்கள்.
பிழைச்செய்தி ஏதும் வரவில்லை.
முடிந்தது என்று கெர்னல் சொல்லியிருக்கிறது,
அவரும் நம்பியிருக்கிறார்.

முதல் கொண்டை ஊசி. பலகையில் 1/20.
பூட்டுப் போடுகிறான், சரி.
பக்கம் கேட்கிறான், கிடைக்காவிட்டால் திரும்புகிறான், சரி.
திரும்பும்போது பூட்டைத் திறக்கிறானா?
திறக்கிறான்.
(எழுதியவரை அவன் என்றே நினைத்துப் பழகிவிட்டது. அவளாகவும் இருக்கலாம்.)
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டாக
லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவன்போல்
எண்ணி எண்ணி வைக்கிறான்.
6/20. காது அடைக்கிறது.
கடைசி மூட்டை நிறையாது என்பதுகூடத் தெரிந்திருக்கிறது.
நல்ல கை. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.
அதுதான் எனக்கு எப்போதும் பயம்.

ஒன்பதாம் வளைவில் கண்டக்டர் வந்தார்.
ஐம்பது ரூபாய் நீட்டினேன். சில்லறை இல்லையாம்.
டிக்கெட்டின் முதுகில் பதினைந்து என்று எழுதி
வட்டம் போட்டுக் கொடுத்தார்.
சில்வர் ஓக் நாற்றுக் கட்டோடு பக்கத்தில் இருந்த பையன்
எட்டிப் பார்த்தான்.
"அக்கா, உங்களுக்குப் பதினஞ்சா?
என்கிட்ட முப்பத்தஞ்சு வாங்குனாரு."
"டிக்கெட் இல்ல தம்பி, அது பாக்கி."

சொன்ன வாய் மூடவில்லை.

அறுபத்தெட்டாம் வரி.
பயனர் நினைவகத்திலிருந்து பைட்டுகளை அள்ளும் அழைப்பு
திருப்பித் தருவது சேர்ந்த கணக்கை அல்ல,
சேராமல் நின்றதை.
இவனோ அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்றா
என்று மட்டும் பார்க்கிறான்.
பாக்கி எப்படிக் கீழே போகும்?
எல்லாம் சேர்ந்தால் பூஜ்யம்,
பாதியில் நின்றால் ஐந்நூறோ ஆயிரமோ,
இரண்டும் அவனுக்கு நலம்.
சோதனையில் எல்லாம் எப்போதும் சேர்ந்துவிடும்,
சோதிக்கிறவர்களுக்கு நெரிசல் கிடையாது.
புதுப் பக்கத்தைத் துடைத்துக் கொடுப்பது கெர்னலின் மரியாதை.
அந்த மரியாதைதான் பத்திரத்தின் சாம்பல்.

பதினொன்று முதல் இருபது வரை
பலகைகளை நான் பார்க்கவில்லை.

எஸ்டேட் ஆபீசில் மிளகு காய்கிற வாசனை,
ஜெனரேட்டரின் தடதடப்பு.
அறுபத்தெட்டாம் வரியின் வரலாற்றைக் கேட்டேன்.
எழுதியவர் பெயரை எனக்கு உச்சரிக்க வராது,
அவ்வளவு மெய்யெழுத்து.
அதற்குக் கீழே, மூன்று வருடத்துக்கு முந்தைய
ஒரு மார்ச் மாத இரவில்:
பார்வையிட்டவர், மாதேஸ்வரி.

அந்த இரவு எனக்கு ஞாபகமே இல்லை.
காய்ச்சலா, கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் அவசரமா,
சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக்கூட அகப்படவில்லை.
படித்திருக்கிறேன். சரி என்றிருக்கிறேன்.

திருத்தம் மூன்று வரி.
காரணம் எழுத ஒன்றரை மணி நேரம்.
முன்பு இதை நானே ஒப்புக்கொண்டேன் என்று சேர்த்தேன்,
அழித்தேன், மறுபடி சேர்த்தேன்.
பேனா தேடிப் பையைத் துழாவியபோது டிக்கெட் வந்தது.
பதினைந்து ரூபாயை வாங்காமலே இறங்கியிருக்கிறேன்.
பஸ்ஸும் போய்ச் சேர்ந்தது, எல்லோரும் இறங்கினோம்,
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

"ஆயிருச்சா?" என்றாள் ரெஜினா, கதவில் சாய்ந்தபடி.
இது ஆயிற்று.
அந்த மார்ச்சில் நான் பார்வையிட்டவை இன்னும் நாற்பத்தொன்று.
முதலாவதைத் திறந்திருக்கிறேன்,
கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று
அவளிடம் கேட்டு வைக்க வேண்டும்.