இடது புருவத்துத் தழும்பு

கோண்டாவில் டிப்போவடிச் சாவடியில்
அண்டைக்கு ஒரு ஆமிக்காரன்
தயாபரனின் முகத்தைப் பார்த்து எழுதினது
ஒரேயொரு சொல்: காயம்.
எப்படியென்று அவன் கேட்கேல்லை.
சைக்கிள் செயின் கழன்று மதகில் விழுந்ததென்று
நாங்களும் சொல்லேல்லை.

பதினேழு வருசம்.
அந்தச் சொல்லுக்கு விசா தேவைப்படவில்லை.
ஒஸ்லோவில், யன்னலில்லா அறையில்,
மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்,
"எந்தச் சண்டையில்?"

சைக்கிள் என்றானாம்.
அதையும் பதிந்தார்களாம்.

நேற்று மத்தியானம்
மோட்டார் சைக்கிளில் ரெண்டு பேர்.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.
தேத்தண்ணி வேண்டாமாம்.
"தம்பியின்ர சைக்கிள் என்ன நிறம், அக்கா?"

சத்தியமாய் நினைவில்லை.
பச்சை என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

இனி எல்லா நாட்டிலும்
அது பச்சை.