உலா

எட்மன்டனில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஆறே முக்காலுக்கு மணி அடித்ததும்
சறுக்கியவர்கள் எல்லோரும் கரையேற
கதவு திறந்து
பனித்தளத்தில் என் வண்டி இறங்குகிறது.

ஆள் உயரத்துக்கு மேல் இருக்கை.
யானை ஏறத் தெரியாது எனக்கு, இது தெரியும்.
அடியில் கத்தி சீவும்,
பின்னால் வெந்நீர் படரும்,
ஸ்கேட் கிழித்த கோடெல்லாம் அழிந்துகொண்டே வரும்.
கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஏழு பருவத்துப் பெண்களும் நிற்கிறார்கள்,
பாப்கார்னோடு.
பேதைகள் மட்டும் கையசைக்கிறார்கள்.
நானும் அசைக்கிறேன், மணிக்கட்டை மட்டும் திருப்பி.
அது யாரும் சொல்லித்தராமலே வந்தது.

குடியேற்ற அதிகாரி
பட்டத்தை முதல்பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டார்.
ஸாவ் என்றால் ஷான் மொழியில் இளவரசன்.
ஸெங் ஃபா என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்.
இருபத்தாறு வருடமாக
அர்த்தம் தெரியாமல் கூப்பிடுகிறார்கள்:
இளவரசே, மூன்றாம் கழிப்பறை அடைத்துக்கொண்டது.
இளவரசே, ஞாயிறு ஷிப்டுக்கு ஆள் இல்லை.

தாத்தாவை ஜீப்பில் ஏற்றியது அறுபத்திரண்டு, மார்ச்.
ஒரு காலில்தான் செருப்பு என்பார் அப்பா.
அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.
பன்றிக்கறி ஆலையில்
எலும்பு பிரித்து ஓய்வு பெற்றவர் அவர்,
வாயையும் அப்படித்தான் சுத்தமாக வைத்திருந்தார்.

மோங் தவ் அரண்மனை இப்போது ஹோட்டல்.
தாத்தாவின் அறைக்கு எண் பதினொன்று,
காலை உணவோடு எழுபத்தைந்து டாலர்.
ஒரு ஜெர்மன்காரி இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தாள்:
வெந்நீர் வரவில்லை, பல்லி இருக்கிறது.
இரவெல்லாம் அவளிடம்
மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.
நாற்பது பேர் விறகு சுமந்து
அந்த வெந்நீர் காய்ந்த காலத்துக்கு
யாரிடம் கேட்பது என்பது
விடியும்போதுதான் தோன்றியது.

ஏப்ரலில் மூன்று இரவுக்குப் பதிவு செய்யப் போனேன்.
வருகையின் நோக்கம் என்றது கணினி.
சுற்றுலா, வணிகம், உறவினரைப் பார்க்க, பிற.
பணம் கட்டாமல் மூடிவிட்டேன்.

போன வியாழன் ஒருவர் வந்தார்,
மகளின் ஸ்கேட்டைக் கையில் தொங்கவிட்டபடி.
என் சட்டையில் தைத்திருந்த பெயரைப் படித்தார்,
முகத்தைப் பார்த்தார், திரும்பவும் பெயரை.
அப்புறம் எங்கள் மொழியில், குரலைத் தணித்து:
எந்த ஊர் ஸாவ்?
சொன்னேன்.

பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.
இடது நாடாவில் முடிச்சு விழுந்திருந்தது, நேரமாயிற்று.
ஐஸ் கரைந்து நின்ற ரப்பர் விரிப்பில்
சாம்பல் நிறக் காலுறையோடு மண்டியிட்டார்.
ஹாக்கிப் பையன்கள் ஒதுங்கிப் போனார்கள்.

இந்த இடத்தில் ராஜா என்ன சொல்வார்?
ஒரு வாக்கியம் இருந்திருக்கும்.
தாத்தா நாளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்,
அப்பாவுக்குப் பாதியாவது தெரிந்திருக்கும்.
எனக்கு வந்தது:
எழுந்திருங்க, கால் நனையுது.

ஆணை என்று எடுத்துக்கொண்டு எழுந்தார்.
பெயர் சாய் கம் லெங், டாக்சி ஓட்டுகிறார்.
என் அப்பா உங்கள் அரண்மனைக்கு விறகு சுமந்தார் என்றார்.
சிரித்தபடி, குறையாக இல்லை,
நலம் விசாரிப்பது போல:
கடைசி வருடக் கூலி வரவில்லை என்று
சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவர் மகளின் ஸ்கேட்டை வாங்கினேன்.
தீட்டும் கல்லில் வைத்தேன், பொறி பறந்தது,
நகத்தில் உரசிப் பார்த்தேன்,
இன்னொரு தடவை தீட்டினேன்.
ஏழு டாலர். பில் போடவில்லை.
அவர் பர்ஸை எடுத்தார், வேண்டாம் என்றேன்.
மறுபடி குனியப் போனார், அதுவும் வேண்டாம் என்றேன்.

நாங் முவே நன்றாகச் சறுக்குகிறாள்,
திரும்பும் இடத்தில்தான் விழுகிறாள்.

இன்று மாதக் கடைசி.
டார்லீன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
கல்லாவை இரண்டாம் முறை எண்ணுகிறாள்.
இளவரசே, என்கிறாள்,
ஏழு டாலர் குறையுதே,
இது யார் கணக்கு?